மனப்பாடம் செய்த மூன்று பாவங்கள்

என் லூர்துவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. எனக்கு எழுதப் படிக்க வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நம் மருமகள் எழுதுகிறாள். கோயில் இதழில் போடுவார்களாம். ஊரும் கேட்கட்டுமே.

முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய சின்ன வயதில் கன்னிமடத்து மாசேர் அம்மா எனக்கு மூன்று பாவம் சொல்லிக்கொடுத்தார். அம்மா பேச்சைக் கேட்கவில்லை, பொய் சொன்னேன், பூசையில் வேடிக்கை பார்த்தேன். அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். பிறகு மில்லுக்குப் போனேன், உன்னைக் கட்டினேன், பேரன் எடுத்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது மட்டும் அதே மூன்றுதான்.

இந்தத் தவக்காலத்தில் புதுச் சாமியார் ஒருவர் வந்தார். நான் ஒப்பித்து முடித்ததும் கேட்டார்.

“அம்மா இப்ப எங்க இருக்காங்க பெரியவரே?”

“கல்லறையில சாமி. முப்பது வருஷம் ஆவுது.”

“அப்புறம் எப்படி இந்த மாசம் அவங்க பேச்சைக் கேக்காம இருந்தீங்க?”

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. “சரி, இந்த மாசத்துப் பாவத்தைச் சொல்லுங்க” என்றார். தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “தம்பிகூட ஒம்பது வருஷமா பேசறதில்ல சாமி” என்றேன்.

மாதா திருநாளில் சப்பரம் தூக்கும்போது என் முன்தோள் இடத்தைத் தம்பி சவரி எடுத்துக்கொண்டானே, அந்தக் கோபம். அவன் நம் கோயிலுக்கே வருவான். பூசையில் பக்கத்திலிருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும்போது அவன் பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் திரும்புவேன். உன் பெட்டியைக் கல்லறைக்கு அவனும் தூக்கினான். அன்றைக்கும் நான் முகம் கொடுக்கவில்லை.

நீ எத்தனை தடவை சொன்னாய்! “பூசைக்குப் போனா ஆளு கொஞ்சமாவது மாறணும். நீங்க போன மாதிரியே திரும்பி வர்றீங்க.” ஒரு ஞாயிறும் தவறாதவன் என்ற பெருமையில் அது என் காதில் ஏறவில்லை.

“செபம் ஒண்ணும் வேணாம். தம்பி வீட்ல ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்றார் சாமியார். ஐம்பது செபமாலை கொடுத்திருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். மூன்றாம் வாரம் டெம்போ ஏறிக் கருவடிக்குப்பம் போனேன். சவரியே கதவைத் திறந்தான்.

“என்னாண்ணே, வழி தப்பி வந்துட்டியா?”

“சாமியார் தண்டனை குடுத்துட்டாருடா. உன் வீட்ல டீ குடிக்கணுமாம்.”

“அப்ப எனக்கு என்னா தண்டனை? உன் மூஞ்சியப் பாக்கறதா?”

டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போடப் போனான். வேண்டாம், எனக்குச் சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷமாகிறது என்றேன். கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டான். “எனக்குத் தெரியாதேண்ணே” என்றான். அந்த ஒரு பேச்சுதான் லூர்து, என்னை உடைத்தது.

“தப்பு என் மேலதான்டா” என்றேன்.

“உடுண்ணே. இப்ப சப்பரம் மினி லாரியில போவுது. உன் தோளும் வேணாம், என் தோளும் வேணாம்.”

இப்போது மாதாமாதம் புதுப் பாவம் ஒன்றாவது கண்ணில் படுகிறது. இத்தனை நாள் இதெல்லாம் எங்கே ஒளிந்திருந்ததோ? எழுபத்தாறு வயதில் இப்படிக் கண்டுபிடிக்கிறேனே என்று வருத்தப்பட்டால், “வளர்றீங்க பெரியவரே” என்கிறார் சாமியார். மனசு லேசாகத்தான் இருக்கிறது. நீ இருக்கும் இடத்திலும் ஆள் வளர வேண்டியிருக்குமா, இல்லை போனதுமே முழுசாகிவிடுமா?

கல்லறைத் திருநாளுக்கு சவரியோடு உன்னிடம் வருகிறேன். முதல் மெழுகுவத்தியை அவன் ஏற்றட்டும். நான் பின்னால் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
அந்தோணி