மேல்வீட்டுத் தண்ணீர்

ஜூன் 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள். என் மகனைத்தான் அவ்வப்போது அதட்டுகிறாள். அது அவனுக்குத் தேவைதான்.

போன வருஷம் வாசலில் நின்று நாம் இரண்டு பேரும் சத்தம் போட்ட பிறகு, "எதுவானாலும் இனிமே எழுதிக் குடுங்க" என்று சொன்னது நீங்கள்தான். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர் சொன்ன பிறகு மீற முடியுமா? எழுதித் தருகிறேன்.

நேற்று அரை மணி நேரம்தான் மழை. மேட்டில் இருக்கும் உங்கள் வீட்டு மொட்டைமாடிக் குழாய் என் கொல்லைப்புறத்தில் கொட்டியதில் பைண்டிங் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடத்துக்காகத் தைத்து அடுக்கிய முந்நூறு வருகைப் பதிவேடுகளும் தலையணை மாதிரி உப்பிவிட்டன. இன்னொரு தரம் இப்படி ஆனால் வேலையை வேறு பைண்டரிடம் கொடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் மகள் என் வீட்டுக்கு வந்ததில் எனக்குப் பரம சந்தோஷம். உங்கள் மாடித் தண்ணீரும் கூடவே வரவேண்டுமா?

இப்படிக்கு,
ஈரக் காலுடன்,
கீழ்வீட்டுச் சம்பந்தி


ஜூன் 7

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகாக இருந்தது. விஷயம்தான் கசந்தது.

மழையை நான் வரவழைக்கவில்லை. குழாயைத் திருப்பலாமென்றால், ஒரு பக்கம் உங்கள் கொல்லை, மறுபக்கம் தெரு. அந்தத் தெருவும் சரிந்து உங்கள் வாசலுக்குத்தான் வருகிறது. பள்ளத்தில் வீடு கட்டியது உங்கள் அப்பா. அவரை நான் என்ன கேட்பது?

ஆனாலும் மழை விட்டதும் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். விழுந்த தண்ணீரில் ஒரு சொட்டுகூட அங்கே தங்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில் மாடி முழுக்கச் செடி போட்டிருக்கிறார்கள். அதைச் செய்த இன்ஜினியரை அழைத்து வந்து காட்டினேன். கட்டடம் தாங்குமா என்று தட்டிப் பார்த்து, கணக்குப் போட்டு, நாலு அங்குல மண் தாங்கும் என்றார். முதலில் தண்ணீர் இறங்காத பூச்சு, அதன் மேல் வேர் துளைக்காத விரிப்பு, பிறகு தண்ணீர் வழிந்தோடக் கூழாங்கல், அதற்கு மேல் மண்ணை வடிகட்டும் துணி, கடைசியாக எடை குறைந்த மண்ணும் தடித்த இலைச் செடிகளும். மழை பெய்தால் மண் குடித்ததுபோக மீதிதான், அதுவும் மெதுவாக, கீழே வருமாம். குடித்ததைச் செடிகள் வெயிலில் ஆவியாக்கிவிடுமாம்.

புண்ணுக்குக் கட்டுப் போடுகிற மாதிரிதான் இருக்கிறது. அது எனக்குத் தெரிந்த வேலை.

இப்படிக்கு,
மேல்வீட்டுச் சம்பந்தி


ஜூலை 9

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் மாடிக்குக் கட்டுப் போட்டீர்கள். கட்டு அவிழ்ந்துவிட்டது என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

நேற்றைய மழையில் குழாயிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. அட்டைக்கு ஒட்டக் காயவைத்திருந்த வெள்ளைத் துணி பத்து கஜமும் அந்த நிறத்துக்கு மாறிவிட்டது. இதற்கு முன்பு சுத்தமான தண்ணீராவது வந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டுக்காரர் என்னிடம் வந்து, உங்கள் சம்பந்தி மாடியில் ஆடு வளர்க்கப் போகிறாரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, ஆடு வந்தால் முதலில் எனக்குத்தான் தெரியவரும் என்றேன். மருமகள் சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். எனக்குக் கேட்டது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைத்தெருவில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். இந்த மாதக் கடைசியில் பைண்டிங் மிஷினை அங்கே கொண்டுபோகலாமென்று இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக வீட்டிலேயே வேலை பார்த்தவன். பரவாயில்லை, பழகிக்கொள்வேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூலை 11

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தப்பு என்னுடையது. குழாய் வாய்க்குப் பக்கத்தில் வடிகட்டும் துணியை ஒரு முழம் குறைவாக விரித்துவிட்டேன். இன்ஜினியர் சொல்லியும், இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நானே கத்தரித்துப் போட்டது. மண் அந்த வழியாக வந்துவிட்டது. இன்று காலை பிரித்துச் சரியாகப் போட்டுவிட்டேன். பத்து கஜம் வெள்ளைத் துணி இத்துடன் வருகிறது.

செடிகள் வேர் பிடிக்க ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் மிஷினைத் தூக்கிவிடாதீர்கள். ஓர் உதவியும் வேண்டும். வேர் பிடித்த பிறகு வரும் மழைக்கு என் குழாயின் கீழே ஒரு வாளி, உங்கள் குழாயின் கீழே ஒரு வாளி வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். நான் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன். நீங்கள் எனக்குச் சாதகமாக ஓர் எழுத்தும் எழுத மாட்டீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

இப்படிக்கு,
சம்பந்தி


ஆகஸ்ட் 20

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். அளந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பத்துக்கு மழை பிடித்தது. என் குழாயில் மூன்று பன்னிரண்டுக்கே தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் குழாயில் மூன்றரை வரை ஒன்றுமில்லை. அடைத்துக்கொண்டதோ என்று குச்சி விட்டுக்கூடப் பார்த்தேன். மூன்று ஐம்பதுக்கு நூல் மாதிரி வந்தது. மழை விடும்போது என் வாளி ஒன்பது தடவை நிரம்பியிருந்தது. உங்களுடையது இரண்டு.

திங்கட்கிழமையும் அதே அளவு பெய்தது. உங்களுடையது ஐந்து. செவ்வாய்க்கிழமையும் விடாமல் பெய்ததில் உங்கள் மண்ணும் கையை விரித்துவிட்டது, ஏழு. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் மூன்று நாளும் தண்ணீர் நிதானமாக வந்ததால் கொல்லைச் சாக்கடையே இழுத்துக்கொண்டது. அறைக்குள் வரவில்லை. மறுபடி தைத்த பதிவேடுகளைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டேன். கடைத்தெரு அறை வேண்டாமென்றும் சொல்லியனுப்பிவிட்டேன்.

இது நல்ல சேதி. இன்னொன்றும் இருக்கிறது.

எனக்கு அடுத்த கீழ்வீட்டில் இருக்கும் தையற்கார அம்மாவிடமிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. என் கூரைத் தண்ணீர் அவர் கடைக்குள் புகுந்து, தைத்து வைத்த சட்டைகள் நனைந்துவிட்டனவாம். போன மழைக்கும் அப்படித்தானாம். ஜூன் மாதம் நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தையே பார்த்து எழுதினாரோ என்று சந்தேகம் வந்தது. நம் இரண்டு பேரின் சண்டையைப் பார்த்துவிட்டு, என்னிடம் நேரில் சொல்லப் பயந்து எழுதினாராம்.

என் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த இன்ஜினியரின் விலாசம் வேண்டும். சிரிப்பதாக இருந்தால் சிரித்து முடித்துவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நடுவீட்டுச் சம்பந்தி


ஆகஸ்ட் 23

அன்புள்ள சம்பந்திக்கு,

சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நிறையவே சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. போன வருஷம் நீங்கள் நனைந்த பக்கங்களைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றபோது, "மழைக்கு நான் என்னங்க பண்றது?" என்றுதான் கேட்டேன். எத்தனை புத்தகம் நனைந்தது என்று கேட்கவில்லை. வார்டில் யார் வந்து நின்றாலும் எங்கே வலிக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். சம்பந்தியிடம் கேட்கத் தோன்றவில்லை. அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்ஜினியரை நேற்று உங்கள் கூரையை என் மாடியிலிருந்தே பார்க்கச் சொன்னேன். பைண்டிங் அறையின் தகரக் கூரை மண்ணைத் தாங்காதாம். அந்தத் தண்ணீருக்குப் பெரிய பீப்பாய் வைக்க வேண்டும். முன்பக்கத்து இரண்டு அறைகளும் கான்கிரீட். உறுதி பார்த்துவிட்டு அங்கே செடி போடலாம். என்னிடம் பதியன்கள் நிறைய இருக்கின்றன. வடிகட்டும் துணியை மட்டும் நான் கத்தரிக்க மாட்டேன்.

அன்புடன்,
சம்பந்தி


ஆகஸ்ட் 25

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நேற்று தையற்கார அம்மாவின் கடைக்கு நேரில் போய், எத்தனை சட்டை நனைந்தது என்று கேட்டேன். பதினான்கு. காப்பி கொடுத்தார்.

உங்களுக்கு இன்றைக்குச் சுருக்கமாகத்தான் எழுதியிருந்தேன்: பீப்பாய் வாங்கிவிட்டேன், பதியன் எடுக்க எப்போது வரலாம், அவ்வளவுதான். அதை வழக்கம்போல மடித்து மருமகளிடம் நீட்டினேன். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மாமா, பக்கத்து வீடுதானே. நீங்களே போய்க் குடுங்க" என்றாள். மகனைப் பார்த்தேன். அவன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

அதனால் அதைக் கிழித்துவிட்டு இதை எழுதி நானே கொண்டுவருகிறேன். வந்து நின்று என்ன பேசுவதென்று தெரியாததால்தான் கையில் கடிதம். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் உங்கள் எதிரில் நின்றுகொண்டிருப்பேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். உள்ளே வரச் சொல்லுங்கள்.

சம்பந்தி