ஜிஸ்மியின் கைகளை விடுவிக்கக் கோரி

அனுப்புநர்:
சி. யோகப்பிரியா,
முதுநிலைச் செவிலியர், பயிற்சி மேற்பார்வையாளர்,
பாறைமேட்டுக் கிராம மருத்துவ மையம்,
வடகரப்பதி.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: நர்ஸ் பிராக்டிஷனர் (தாமே நோயறிந்து சிகிச்சையளிக்கும் செவிலியர்) படிப்பு மாணவி ஜிஸ்மி நோயாளிகளைத் தொடக் கூடாதென்று விதிக்கப்பட்ட தடையை நீக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மையத்தில் பயிற்சி பெறும் ஜிஸ்மியை மேற்பார்வையிடுவது என் பொறுப்பு. மலையாளம் பேசும் பெண். எங்கள் ஊர்த் தமிழைக் காது சாய்த்துக் கேட்டுப் பழகி வருகிறார்.

2. சென்ற மாதம் ஒரு காலையில் விவசாயி காளிச்சாமியின் வீட்டுக்குச் சென்றோம். ஜிஸ்மி படிக்கும் செவிலியர் கல்லூரியின் ஆய்வாளர் ஒருவரும் உடன் வந்தார். காளிச்சாமியின் மனைவி கமலாத்தாள் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டு வருபவர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தென்னந்தோப்பு ஆடிக்கொண்டிருந்தது. வெயிலும் ஓலை நிழலும் வாசலில் தண்ணீராய் அலைந்தன. கட்டிலில் சாய்ந்திருந்த கமலாத்தாள் எங்களைப் பார்த்துச் சிரித்து, "கெணத்துக்குள்ள நெலா மெதக்குது பாருங்க. அள்ளி ஊட்டுக்குள்ள வெச்சுட்டு வந்தர்றனுங்க" என்றார். அவர் சொன்ன அமைதியில், ஒரு கணம் எனக்கே கிணற்றை எட்டிப் பார்க்கத் தோன்றியது. "அரைத்தூக்கத்துல பேசறாளுங்க" என்றார் காளிச்சாமி.

3. ஜிஸ்மி சிரிக்கவில்லை. கமலாத்தாளின் நெற்றியைத் தொட்டார், வியர்த்துக் குளிர்ந்திருந்தது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. கமலாத்தாள் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே தோட்டத்துக்குப் போய் வந்திருக்கிறார். ஜிஸ்மி என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையசைத்தேன். விழுங்க முடிகிறதா என்று சோதித்துவிட்டு, குளுக்கோஸ் நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். கனவு மெல்ல மெல்லக் கமலாத்தாளின் கண்களை விட்டு இறங்கியது. "ஏனுங்க, இந்தப் புள்ளைக்குக் காப்பித்தண்ணி குடுத்தீங்களா?" என்று அவர் கேட்டதும், காளிச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

4. மாணவியைத் தனியே சிகிச்சை செய்யவிட்டு, மேற்பார்வையாளரான நான் கைகட்டி வேடிக்கை பார்த்ததாக ஆய்வாளர் அறிக்கை அளித்துள்ளார். அதன்பேரில், ஜிஸ்மி இனிமேல் பார்க்க மட்டுமே செய்யலாம், நோயாளிகளைத் தொடக் கூடாது என்று கல்லூரி உத்தரவிட்டுள்ளது. இது நீடித்தால் அவருடைய பயிற்சி நிறைவடையாது.

5. ஐயா, நான் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றேன். டம்ளர் பிடித்த மணிக்கட்டையும், நீர் இறங்கும் தொண்டையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜிஸ்மி தவறியிருந்தால் என் கை முந்தியிருக்கும். அவர் தவறவில்லை. குறுக்கிடாமல் நிற்பது எளிதாக இல்லை. ஆனால் நாளை வேறொரு வாசலில் அவர் தனியே நிற்கும்போது, தலையசைக்க நான் இருக்க மாட்டேன்.

6. நேற்று கமலாத்தாள் மையத்துக்கு வந்தார். இரத்தம் எடுக்க ஜிஸ்மியிடம்தான் விரலை நீட்டினார். தடைக்குக் கட்டுப்பட்டு ஜிஸ்மி கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டார். "எம்மேல கோவமா கண்ணு?" என்று கேட்டார் கமலாத்தாள். நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது.

கமலாத்தாளுக்கும் ஜிஸ்மிக்கும் சொல்ல வேண்டிய பதில் தங்கள் கையில் இருக்கிறது. தாங்கள் கமலாத்தாளையும் காளிச்சாமியையும் நேரில் விசாரித்து, கல்லூரியின் தடையை நீக்கச் செய்து, அந்தப் பதிலைத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: வடகரப்பதி
நாள்: 21.01.2025

தங்கள் முடிவை எதிர்நோக்கும்,
சி. யோகப்பிரியா