இது கலர் இல்லண்ணா

தங்கச்சி,

இன்று வெள்ளிக்கிழமை. கீழ்க்கட்டளையில் உன் கேட்டுக்கு முன்னால் மொபெட்டை நிறுத்தி, கூடையிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பிடித்துவிட்டேன். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது, புது மீன். பார்க்கத்தான் நீ இல்லை. மூன்று நாள் காய்ச்சலில் நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது, என் கைக்கு இன்னும் அது தெரியவில்லை. எனக்கு எழுத வராது என்பது நீ அறிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல மகள் செல்வி எழுதுகிறாள்.

உங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை மீன் வாங்கும் வீடு உன் வீடு ஒன்றுதான். மற்ற வீடுகளில் சாம்பிராணி போட்டிருப்பார்கள், என் ஹாரன் கேட்டால் கதவைச் சாத்துவார்கள். நீ மட்டும் காதில் மாட்டியிருந்ததைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வருவாய். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பது உன் வேலை. தையல் மெஷினுக்கு இருப்பதுபோல் காலடியில் ஒரு மிதி. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார்.

“என் வூட்டுக்காரிக்கு இந்த மாதிரி ஒண்ணு கெடைக்குமா தங்கச்சி?”

“இருங்க, அக்காகிட்டயே கேட்டுச் சொல்றேன்.”

செல்வி தலைப்பிள்ளை உண்டாகி எங்களோடு இருந்த சமயம் அது. கருத்த பெண், மாதம் ஏற ஏற வெளுத்துக்கொண்டே வந்தாள். எங்கள் குப்பத்தில் எல்லாரும், “இன்னாடி, குங்குமப்பூவா துன்றே, இப்டி கலராய்ட்டே!” என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மனைவி தினமும் திருஷ்டி சுற்றிப் போட்டாள். நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று செல்வி சொன்னதை, வயிற்றுப் பாரம் என்று விட்டுவிட்டோம்.

ஏழாம் மாதம், வளைகாப்புக்கு உன்னை அழைக்க அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

“பாத்தியா தங்கச்சி, என் பொண்ணு எப்டி கீது!”

நீ சிரிக்கவில்லை. கிட்டே வந்து, “மேல பாரும்மா” என்று அவள் கண்ணின் கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்தாய்.

“இது கலர் இல்லண்ணா. உடம்புல ரத்தம் இல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“நல்ல காரியம் சொல்ல வந்தா இன்னா பேச்சு இது?”

பிள்ளை இல்லாதவள் கண் வைக்கிறாள் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். உன் முகத்துக்கு நேரே சொல்லாததை இப்போது சொல்கிறேன். மன்னித்துக்கொள்.

நீ குரலை உயர்த்தவில்லை. “செவுளு இப்படி வெளுத்திருந்தா அந்த மீனை எனக்குத் தருவீங்களா?” என்றுதான் கேட்டாய்.

முப்பது வருஷம் செவுளைத் தூக்கிப் பார்த்த கை இது. பெற்ற மகளின் இமையை ஒரு நாளும் தொட்டதில்லை. அன்று பார்த்தேன். ஐஸில் பல நாள் கிடந்த மீன்தான்.

ஆட்டோவில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். “இவ்வளவு கம்மி ரத்தத்தோட வலி வந்திருந்தா பொண்ணு தங்கியிருக்காது” என்றார் டாக்டரம்மா. முதல் பாட்டில் ரத்தம் ஏறும்போது, டாக்டரம்மா சீட்டில் எழுதியிருந்த ஒரு சொல்லை நீ விரலால் தொட்டாய்.

“பேலர். வெளிறிப்போறதுன்னு அர்த்தம். இங்கிலீஷுக்கு லத்தீன்லேர்ந்து வந்த வார்த்தை. முன்னாடி எங்க மாதா கோயில்ல பூசை வெச்ச பாஷைண்ணா அது. தினமும் நூறு பேருக்கு ‘பேலர் இல்லை, இல்லை’ன்னு டைப் அடிக்கிறேன். ‘இருக்கு’ன்னு கண்ணால பாத்தது இன்னைக்குத்தான்.”

அந்தக் காலத்து ரோமாபுரிக்காரர்கள் பயத்தில் முகம் வெளிறுவதையும் அதே சொல்லால்தான் சொன்னார்கள், சண்டையில் அது தங்களைப் பிடிக்கக் கூடாது என்று அதையே ஒரு சாமியாக்கிக் கும்பிட்டார்கள் என்றும் சொன்னாய்.

“ஆட்டோவுல உங்க மூஞ்சியும் அதேதான்ணா. உங்களுக்கும் ஒரு பாட்டில் ஏத்தச் சொல்லவா?”

அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டேன்.

செல்வி பிழைத்தாள். பேரனுக்கு இப்போது ஆறு வயது, வாய் ஓயாது. அவனுக்கும் ஒரு மிதி வேண்டும்.

ஒரு எழுத்தும் தெரியாத எனக்கு அந்த ஒரு சொல் தெரியும். குப்பத்தில் எந்தப் பெண்ணையாவது கலராகிவிட்டாள் என்று யாராவது சொன்னால், கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போய் நிற்கிறேன். “வந்துட்டாருடா கண்ணு டாக்டரு!” என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். இதுவரை இரண்டு பேரைத் தாம்பரத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

இப்போதுகூட, எழுதுவதை நிறுத்தச் சொல்லி, “மேல பாரும்மா” என்றேன். எதற்கு என்று செல்வி கேட்கவில்லை. இமையை இழுத்துப் பார்த்தேன்.

சிவப்பு, தங்கச்சி. நல்ல சிவப்பு.