சாமிசோனி அண்ணனின் விசில்

பயிற்சி முகாம், நுகுவாலோஃபா
6 ஜூன் 2011

அன்புள்ள வைமோவானா அத்தைக்கு,

நீங்கள் கப்பலில் கொடுத்தனுப்பிய வள்ளிக்கிழங்கு வந்து சேர்ந்தது. அங்கே எல்லோரும் நலம்தானே? நான் நலமாக இல்லை.

பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் தேசிய அணிக்கு என் மருமகள்தான் கோல்கீப்பர் என்று தீவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அவள் இப்போது அணியின் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியாளராக யாரைப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? பெரியப்பா மகன் சாமிசோனி அண்ணனை. அண்ணன் தங்கை விலகியிருக்கும் நம் வழக்கப்படி, வயது வந்தபின் நாங்கள் ஒரே அறையில் உட்கார்ந்ததுகூட இல்லை. அவர் முன்னால் நான் அரைக்கால் சட்டையோடு விழுந்து புரள வேண்டுமாம். அண்ணனும் பாவம், முதல் நாள் எனக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலே பின்பக்கமாகப் பந்தை எறிந்தார். இரண்டு பந்துகள் சமையற்கட்டுக்குள் போயின. மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

மேலாளர் ஆக்லாந்தில் வளர்ந்து திரும்பியவர். "கூடப் பொறந்தவனா? பெரியப்பா பையன்தானே. ஆட வராததுக்கு இது ஒரு சாக்கா?" என்கிறார். மறுத்ததற்கு வாளியைக் கையில் கொடுத்துவிட்டார். பதினெட்டாம் தேதி பெயர்ப் பட்டியல் போகிறது. மன்னிப்புக் கேட்டால்தான் என் பெயர் இருக்குமாம். நான் என்ன தப்பு செய்தேன் அத்தை?

உங்கள்
லோசலீன்


பங்காய், ஹாபாய்
9 ஜூன் 2011

லோசலீன் கண்ணே,

உன் கடிதம் வந்தது. அந்த மேலாளருக்கு அண்ணன் யார், தங்கை யார் என்று சொல்லித்தர ஆளில்லையா? ஆனாலும் சண்டை வேண்டாம். பேசாமல் வீட்டுக்குப் போய்விடு. சாமிசோனிக்கு அது வேலை. மரியாதை பந்தைவிடப் பெரியது.

பதினாறு வயதில் நானும் பள்ளி ஓட்டப்பந்தயத்தை முடிக்காமல் விலகியவள்தான். ஓட்டம் முடியும் இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என் தம்பி, உன் அப்பா. அவன் எதிரே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எப்படி ஓடுவது? ஊரே என்னை மெச்சியது. அடுத்த வருடம் வேறு அணி வரும், கவலைப்படாதே.

அன்புடன்,
அத்தை


பயிற்சி முகாம்
13 ஜூன் 2011

அத்தைக்கு,

அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். எந்த அணி வரும்?

நம்மில் அண்ணன் தம்பியைவிட அக்கா தங்கைதான் உயர்த்தி என்று எனக்குச் சொல்லி வளர்த்தது நீங்கள். தாத்தா இறந்தபோது நீங்கள் முன்னால் உட்கார்ந்தீர்கள், பெரியப்பாவும் அப்பாவும் அடுப்படியில் நின்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் சீராகக் கொண்டுவந்த நல்ல பாய்களெல்லாம் உங்களுக்கே வந்தன. நீங்கள் எதைக் கேட்டாலும் அவர்கள் பிள்ளைகள் நாங்கள் தந்தாக வேண்டும். அவ்வளவு உயர்த்தி என்றால், இரண்டு பேர் சேர்ந்து நிற்கக் கூடாத இடத்திலிருந்து எப்போதும் நான் ஏன் வெளியே போக வேண்டும்? மரியாதை எனக்கு, மைதானம் அவருக்கா?

இன்று நாற்பது சட்டை துவைத்தேன். ஒன்று என்னுடையது.

லோசலீன்


உன் அப்பா வீடு, ஹௌமா
16 ஜூன் 2011

லோசலீன் கண்ணே,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அடுத்த கப்பலிலேயே ஏறிவிட்டேன். மரியாதைக்குரிய காரியங்களுக்கு உடைமேல் சுற்றும் பெரிய பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சாமிசோனி வாசலில் இருந்தான்.

"கழுத்துல தொங்குதே, அந்த விசிலக் குடுடா" என்றேன்.

உடனே கழற்றிக் கொடுத்தான். "பசங்க அணிக்கு மாத்துங்கன்னு எத்தன தடவ கேட்டேன், அந்தாளு காதுலயே வாங்கல. இனிமே அத்தை வாங்கிட்டாங்கன்னு சொல்லிடுவேன். என்ன பண்ணுவாரு?" என்று சிரித்தான். அவனுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

விசிலை இதோடு அனுப்புகிறேன். முகாமுக்குள் என்னை விட மாட்டார்களாம். நாளைக் காலை வெளியே இருக்கும் மேலாளர் அலுவலகத்தில் உட்காருவேன். பட்டியலில் உன் பெயரைக் கண்ணால் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

சாயங்காலம் உன் அப்பாவிடம் கேட்டேன். "அன்னிக்கு நான் வெலகிப் போனதப் பாத்துக்கிட்டே நின்னியே. கயித்த இன்னொருத்தன் கையில குடுத்துட்டு நீ போயிருக்கலாமேடா?"

முப்பத்தேழு வருடத்தில் முதல்முறையாகக் கேட்கிறேன். அவன் தலை நிமிரவில்லை.

"நான் போகணும்னு யாரும் சொல்லலையேக்கா" என்றான்.

நானும்தான் சொல்லவில்லை. நான் விலகியபோது கயிற்றுக்கு இருபது அடிதான் இருந்தது. நான்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். மெச்சியவர்களில் ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை.

வாளியைக் கீழே வை.

அத்தை