அவள் தரையிறங்கிவிட்டாள், அத்தை

பறக்கிற பெண்ணுக்காக ஈசூன் வீட்டு சோபாவில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்த என் அத்தைக்கு,

கிளி வந்துவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவமனையில் நீங்கள் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று, "கிளி குதிச்சாளாடி?" என்று கேட்டீர்கள். "இன்னும் இல்ல அத்தை" என்றேன். "குதிச்சா மறக்காம சொல்லு" என்றீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கிளி யாரென்று இதைப் படிக்கும் மற்றவர்கள் கேட்பார்கள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு சிறிய நாட்டுப் பெண். காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு, உயரமான சறுக்குமேடையில் வழுக்கி வந்து, காற்றில் பறந்து, கீழே பனிச்சரிவில் இறங்கி நிற்பாள். அதுதான் அவள் விளையாட்டு. அவள் பெயர் நம் இருவர் வாயிலும் நுழையவில்லை. பச்சைத் தலைக்கவசத்தைப் பார்த்து நீங்கள்தான் கிளி என்று பெயர் வைத்தீர்கள்.

எப்படி ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? துவாஸில் அந்தச் சலவை ஆலையில், பகலெல்லாம் ஓட்டல் படுக்கை விரிப்புகளை ஆவியில் தேய்த்துவிட்டு, கழுத்து நிறைய வேர்க்குருவோடு வருவீர்கள். ஒரு சனிக்கிழமை மாலை நான் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது திரை முழுக்க வெள்ளையாக ஒரு மலை வந்தது.

"மாத்தாத, ஷாலு. பாக்கவே குளுகுளுன்னு இருக்கு."

குளிர்ச்சிக்காகப் பார்க்க ஆரம்பித்தோம். அடுத்த வாரமே உங்களுக்கு அது போதவில்லை. யார் எங்கே இறங்கினார்கள், யாருக்கு எதிர்க்காற்று, யார் கையை விரித்து அழகாக நின்றார்கள் என்று சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டோம். எதிர்க்காற்று அடித்தால்தான் அவர்கள் நன்றாகப் பறப்பார்கள் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். நீங்கள் நம்பவே இல்லை. குதிப்பதற்கு முன் கிளி மேடை உச்சியில் உள்ள குறுக்குக் கம்பியில் வந்து உட்கார்ந்ததும் உங்கள் உத்தரவு பறக்கும்:

"ஃபேனை நிறுத்து! காத்து அடிக்குது, புள்ள தடுமாறுவா."

அப்பா செய்தித்தாளைக் கீழே வைப்பார். "அவ அங்க குதிக்கிறதுக்கு நான் இங்க வேகணுமா? நமக்கெல்லாம் கிண்ணத்துல சீவிப் போடுற ஐஸ் கச்சாங் போதும்லா."

"அண்ணே, வாய மூடு. பறக்கப் போறா."

அவள் மேடையை விட்டுக் கிளம்பும் நொடியில் நாம் இருவரும் காலைத் தூக்குவோம். அவள் பாதம் பனியில் படும்வரை நம் பாதம் தரையில் படக்கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டது? நீங்களா, நானா? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவில்லை.

அத்தை, நம் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அதனால் நான் தொட்டதெல்லாம் ஏதாவது ஒன்றுக்கு உதவ வேண்டியிருந்தது. புத்தகம் தேர்வுக்கு. ஆங்கிலம் வேலைக்கு. தூக்கம்கூட மறுநாள் வகுப்புக்கு. கிளி மட்டும் எதற்கும் உதவவில்லை. அவள் ஜெயித்தால் எனக்கு மதிப்பெண் கிடையாது, தோற்றால் திட்டும் கிடையாது. சும்மா சந்தோஷப்படலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. வகுப்பில் கையைத் தூக்கவே கூசுகிற நான், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே "போ, போ" என்று முணுமுணுத்தேன். உங்களுக்கு மட்டும்தான் அது கேட்டது.

பிறகு அவள் விழுந்த அந்த நாள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு. காற்றில் ஒரு பலகை சாய்ந்தது. அவள் பக்கவாட்டில் விழுந்து, சரிவெல்லாம் உருண்டு, கீழே அசையாமல் கிடந்தாள். நான் காலைக் கீழே வைக்கப் போனேன். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"வைக்காதடி. அவ அசையட்டும்."

ஆட்கள் ஓடிவந்து சூழ்ந்தார்கள். தூக்கியபடியே இருந்ததில் எனக்குத் தொடை கடுத்தது. உங்களுக்கும்தான். தூக்குப்படுக்கையில் எடுத்துப் போகும்போது அவள் ஒரு கையை மெல்ல உயர்த்தினாள். அப்போதுதான் நம் கால்கள் கீழே இறங்கின. "திரும்பி வந்து குதிச்சு நிப்பா. நின்னா பதினோரு தேங்காய் உடைக்கிறேன்" என்று சுவாமி படத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். மறுநாள் கோயிலுக்குப் போய் அவள் பெயரில் அர்ச்சனையும் செய்தீர்கள். நட்சத்திரம் கேட்டார்களே, என்ன சொன்னீர்கள் என்றதற்கு, "ரோகிணி. உன்னோடதுதான். நீ ஒண்ணும் குறைஞ்சு போயிடமாட்ட" என்று சிரித்தீர்கள்.

கிளியின் முழங்கால் ஆற நாளானது. அதற்குள் நீங்கள் நோயில் விழுந்தீர்கள்; உங்கள் உடம்பு தேறவே இல்லை. சிராங்கூன் சாலையில் தீபாவளிக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். வேண்டுதல் அப்படியே நின்றது.

இந்தக் குளிர்காலப் போட்டிப் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. உங்கள் இடம் காலியாக இருக்கும் சோபாவில் இதைப் பார்க்க முடியுமா? மறுபடி விழுந்தால் யார் என் முழங்காலைப் பிடிப்பார்கள்?

ஆனாலும் உட்கார்ந்தேன். பச்சைத் தலைக்கவசம் மேலே கம்பியில் வந்து அமர்ந்தது. அப்போது அப்பா எழுந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நேராகச் சுவருக்குப் போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து, உங்கள் இடத்தில் உட்கார்ந்தார்.

"என்ன பாக்குற? காத்து அடிக்குதுல்ல."

அவள் கிளம்பினாள். நான் காலைத் தூக்கினேன். அப்பாவின் கால்களைப் பார்க்க நேரமில்லை. அத்தை, அவள் நெடுந்தூரம் பறக்கவில்லை. மற்றவர்கள் இறங்கிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே இறங்கிவிட்டாள். ஆனால் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். நின்றாள் அத்தை! நான் போட்ட கூச்சலில் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். எனக்குக் கூச்சமே இல்லை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபேனைப் போடுலா, வேர்க்குது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் அம்மா பெயர் கேட்டார்.

"கிளி."

நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"ரோகிணி."

"யாரு, வீட்டுப் பொண்ணா?"

"ஆமா, எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன். வரிசையில் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

முதல் தேங்காய் உடையவில்லை. உருண்டு போய் ஒருவர் காலடியில் நின்றது. விடுமுறை நாளில் கோயிலுக்கு வந்த கட்டுமானத் தொழிலாளி போலிருந்தார். எடுத்துக் கொடுத்தார். "வலிக்கும்னு பாத்தா உடையாது தங்கச்சி. ஓங்கிப் போடுங்க." ஓங்கிப் போட்டேன். பதினொன்றும் உடைந்தன. உங்கள் வேண்டுதல் நிறைவேறியது.

கிளிக்கு நம்மைத் தெரியாது. வெயில் ஊரில் ஒரு சலவை ஆலைப் பெண் தனக்காக வேண்டிக்கொண்டாள் என்று அவளிடம் யார் சொல்லப் போகிறார்கள்? சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒருவர் நன்றாக இறங்கவேண்டும் என்று காலைத் தூக்கிக் காத்திருக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். எனக்காகவும் அப்படித்தான் இருந்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. நன்றி அத்தை.

அடுத்த சனிக்கிழமை அவள் மறுபடி குதிக்கிறாள். ஃபேனை அப்பா பார்த்துக்கொள்வார். அவள் நிற்கும்வரை நான் காலைக் கீழே வைக்கமாட்டேன். இது சத்தியம்.

தன் நட்சத்திரத்தைக் கிளியோடு பங்குபோட்டுக்கொண்ட,
உங்கள் அண்ணன் மகள்
ஷாலு