நம் தெரு முதலில்

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, நம் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரம்மா தாளில் எழுதுகிறார். பிறகு கம்ப்யூட்டரில் உனக்கு அனுப்பி வைப்பார். நீயும், மின்சாரத் திட்டம் போடப் படிக்க உன்னோடு வந்திருக்கும் பல நாட்டுப் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு போ.

போனில் சொல்லாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. போன் அடித்தாலே உன் அம்மா மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, கச்சேரி பாடப் போகிறவள் மாதிரி தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். 'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்' என்பாள். போனை வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். உன்னிடம் போனில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஜெராக்ஸ் கடையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆமாம், மூக்கில் குழாய். நீ போன பிறகு நுரையீரல் கெட்டுவிட்டது. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருக்கிறோம். கரண்ட் இருந்தால்தான் அது ஓடும். இல்லாவிட்டால் சிலிண்டர், அது கேட்டதும் கிடைப்பதில்லை. முந்தாநாள் சிலிண்டர் தீர்ந்து, கரண்ட் வருவதற்குள் உதடு நீலம் பூத்துவிட்டது. நான் விசிறிக்கொண்டே இருந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு?

கரண்ட் பற்றாக்குறை என்றால் முதலில் அணைவது நம் தெரு. மின்சார ஆபீசில் இருந்தபோது நீ போட்ட வரிசைதான். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்தச் சாயங்காலம் அப்படியே கண்ணில் நிற்கிறது. சமையலறை வாசலில் காலை நீட்டி, மடியில் கம்ப்யூட்டரோடு, எந்தத் தெருவை முதலில் நிறுத்துவது என்று கேட்டாய். 'நம்ம தெருவையே போடுடி, அப்புறம் எவன் உன்னைக் கேள்வி கேப்பான்?' என்றாள் உன் அம்மா. மூன்று பேரும் சிரித்தோம். தெருவே ஏசியபோதும் அவள் தலை நிமிர்ந்துதான் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

உன் அலுவலகத்துக்குப் போனேன். உன் இடத்தில் இருக்கும் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். 'மேடம் போட்ட வரிசைங்கய்யா, அவங்க எழுதித் தராம நான் கை வைக்க முடியாது. அதுவும் இது அவங்க தெரு' என்றார். நீ படித்து வந்ததும் இருபது வருஷத்துக்குத் திட்டம் வருமாம். வரட்டும். பல நாடு சேர்ந்து சொல்லிக்கொடுப்பது லேசான காரியமா? ஆனால் இவளுக்கு மூச்சு இந்த வாரம் வேண்டும்.

அவளிடமே கேட்டுப் பார்த்தேன். 'நம்மளை எடுத்தா அடுத்த தெரு போகும். அங்கயும் எவளோ ஒருத்தி மூச்சு வாங்கிட்டு இருப்பா' என்கிறாள். இருப்பாள்தான். எனக்கு அந்த ஒருத்தியைத் தெரியாதம்மா.

கடைக்காரம்மா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். அவர் வீடு அடுத்த தெரு. எழுதுங்கள் என்றேன். 'எழுதிட்டேன் பெரியவரே, மேல சொல்லுங்க' என்கிறார்.

நம் தெருவை வரிசையில் கீழே இறக்கிவிடு. அந்தத் தம்பிக்கு ஒரு வரி எழுது, போதும். யாராவது ஏசினால் அப்பன் நச்சரித்தான் என்று சொல். இதுவரை உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.

இதோ, கடை விசிறி நின்றுவிட்டது. நான் வீட்டுக்கு ஓடுகிறேன். கரண்ட் வந்ததும் இதை அனுப்புவாராம்.

நீ நல்ல பெயரோடு திரும்பி வர வேண்டும் கண்ணு. வரும்போது வாசலில் நாங்கள் இரண்டு பேராக நிற்க வேண்டும்.

உன் அப்பா