சார் உனக்கு எழுதிய இரண்டு பக்கம்

ரூபினி,

சித்ரான்னம் மூடி வைத்திருக்கிறேன். சாவியை மாடி வீட்டு முத்தம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ.

இன்று சட்டக் கல்லூரியில் உன் விண்ணப்பத்தோடு என்னுடையதையும் கொடுத்துவிடு. உறையை ஒட்டவில்லை. ஒரு பரிந்துரைக் கடிதம்தான் வைக்கலாம். மேசையில் இரண்டு இருக்கின்றன. மாலை வகுப்பு சார் தந்ததை வை. நான் வேலை பார்க்கும் மருந்துக் கடை முதலாளி கிருஷ்ணப்பா தந்தது வேண்டாம்.

நேற்று ஏன் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேட்டாயே. உன் பரிந்துரைக் கடிதத்தைப் படித்துவிட்டேன். பாதி நாள் மட்டம் போடும் உனக்கு சாரே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். ஒரு வகுப்பும் தவறாத என்னிடம், "நீயே எழுதிட்டு வாம்மா, சைன் போட்டுத் தர்றேன்" என்றார். என்னைப் பற்றி எனக்கு நான்கு வரிக்கு மேல் வரவில்லை. அதிலும் 'நேரம் தவறாதவர்' என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். பொறாமைதான், வேறொன்றுமில்லை.

அக்கா

பி.கு. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து எழுதுகிறேன். கிருஷ்ணப்பாவின் கடிதத்தையே வை. ஒரு சீட்டில் இருந்த மருந்தின் அளவு சரிதானா என்று நான் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டதை எழுதியிருக்கிறார். ஐந்தே வரிதான். ஆனால் ஒன்றுகூட நான் எழுதிக் கொடுத்ததல்ல.